எங்கள் நூலகத்தில் நடந்த எழவு

நல்ல யோசனை ஏதாவது தோன்றினால் உடனே போர்த்திக்கொண்டு படுத்துவிட வேண்டும். இந்த ஞானம் எனக்கு வந்தபோது, எங்கள் கிளை நூலகத்துக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் நான் நூலகர். பேப்பர் படிக்க வரும் சிலரையும் ஃபேன் காற்றுக்காக வரும் சிலரையும் தவிர அங்கே ஈ காக்கை எட்டிப் பார்க்காது. ‘இப்படியே போனால் பக்கத்து ஊர் நூலகத்தோடு சேர்த்துவிடுவோம்’ என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஊரை உள்ளே வரவைக்க ஒரே வழி, ஊரின் வரலாற்றை உள்ளே கொண்டுவருவதுதான் என்று எனக்குத் தோன்றியது. (அப்போதே படுத்திருக்க வேண்டும்.)

வீடு வீடாகப் போனேன். “உங்க வூட்ல இருக்கறதுலயே பழைய போட்டோவை ஸ்டுடியோவுல குடுங்க. பெருசாக்கி லைப்ரரில மாட்டப் போறோம்” என்றேன். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். ஏர் ஓட்டுகிறவர், மாட்டுச் சந்தை, மாதா கோயில் தேர் என்று நான் மனதுக்குள்ளேயே ஒரு கண்காட்சியை நடத்தி முடித்திருந்தேன்.

திறப்பு விழா அன்று காலையில்தான் ஸ்டுடியோக்காரர் படங்களை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். முதல் படத்தைப் பிரித்தேன். நாற்காலியில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. நெற்றியில் காசு. சுற்றிலும் குடும்பம். அடுத்த படத்திலும் அதே மாதிரி நாற்காலி, வேறு பிணம். எங்கள் சர்ச் தெருக்காரர்கள் மட்டும் கொஞ்சம் மாறுதலாக, திறந்த சவப்பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குப் போட்டோக்காரர் வந்ததே சாவுக்குத்தான். உயிரோடிருப்பவரைப் படம் பிடிக்க யாருக்கு வசதி இருந்தது? வரலாறு சேகரிக்கக் கிளம்பிய எனக்கு இது தெரியவில்லை. ஸ்டுடியோக்காரர் வேறு தன் பங்குக்கு எல்லாப் படங்களிலும் ரோஜா இதழ் தூவி, அடியில் ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று அச்சடித்திருந்தார்.

“தேதி மட்டும் நீங்க எழுதிக்குங்க மேடம்.”

திறந்துவைக்க வேண்டிய அதிகாரி தருமபுரியிலிருந்து கிளம்பிவிட்டார். ஊரும் வாசலில் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் மாட்டினேன். அதிகாரி ரிப்பனை வெட்டிக் குத்துவிளக்கை ஏற்றினார். சுவர் முழுக்கப் பிணங்கள், கீழே விளக்கு. ஊதுபத்திதான் பாக்கி என்று நினைத்தேன். அதையும் யாரோ கொளுத்தினார்கள்.

“என்னப் பெத்த அப்பா!” என்று ஒரு பெண் படத்தின் முன்னால் விழுந்தார். மற்ற பெண்கள் கூந்தலை அவிழ்த்தார்கள்.

“இந்தத் துயரமான... மன்னிக்கவும், மகிழ்ச்சியான தருணத்தில்...” என்று அதிகாரி மைக்கில் தொடங்கினார். தாமதமாக வந்த ஒருவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவரிடமே போய்க் கேட்டார்: “எடுக்கறது எப்பங்க?”

நான் கிளறச் சொல்லியிருந்த கேசரியை ஒருவரும் தொடவில்லை. எழவு வீட்டில் ‘போய்வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது அல்லவா, அதிகாரி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

எங்காவது ஒளிந்துகொள்ளலாம் என்று கடைசி அலமாரிப் பக்கம் போனேன். அங்கே தக்காளி மண்டியில் காய் பிரிக்கும் காவேரியக்கா ஒரு படத்தின் முன்னால் அசையாமல் நின்றிருந்தார். நாற்காலியில் செத்துப்போன பெரியவர். குடும்பத்தின் ஓரத்தில், வாயில் விரல் வைத்தபடி பாவாடை கட்டிய ஒரு சிறுமி.

“எந்தங்கச்சிங்க இது. பக்கத்து வூட்டு எழவை வேடிக்கை பாக்கப் போனவ. அந்த வருசமே காச்சல்ல போயிட்டா. இவளுக்கு ஒரு படம்கூட இல்லியேன்னு எங்கம்மா சாவற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு.”

படத்தைக் கொடுத்த கோவிந்தண்ணன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். “எங்கப்பா படத்துல ஓரமா நிக்கற புள்ள யாருன்னு இப்ப எங்க வூட்ல இருக்கற ஒருத்தருக்கும் தெரியாதுங்க. பேரு என்னக்கா?”

“மல்லிகா.”

அந்தப் பெயரைப் படத்துக்கு அடியில் எழுதினேன். எங்கள் ஊர் வரலாற்றில் நான் எழுதிய முதல் வார்த்தை அது. அதற்குள், “இது யாரு, அது யாரு” என்று மற்றவர்களும் படங்களை நெருங்கியிருந்தார்கள். அழுத கண்களோடு ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள், மறுத்தார்கள், சண்டை போட்டார்கள். அவமானப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

மல்லிகாவை மட்டும் தனியாகப் பெரிதாக்கிக் காவேரியக்காவிடம் கொடுத்தோம். இந்த முறை ரோஜா இதழ் விழாமல் ஸ்டுடியோவில் கூடவே நின்று பார்த்துக்கொண்டேன்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆனாலும் தொடர்ந்து வந்த கூட்டத்தைப் பார்த்து, பக்கத்து ஊரோடு சேர்க்கும் பேச்சைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். (கைவிட்டதாக யாரும் சொல்லவில்லை.) வருகிறவர்கள் பொறுமையாகப் பெயர் சொல்கிறார்கள், முறை சொல்கிறார்கள், எதனால் செத்தார்கள் என்று சொல்கிறார்கள். பிறகு நேராக வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்கிறார்கள்.

என் கணவர் இருக்கிறாரே, இன்றைக்கும் மாலையில் என் வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து மகளிடம் கத்துவார்: “பாப்பா, அம்மா லைப்ரரிலருந்து வந்துருச்சு! உள்ள வுடாத, வாசல்லயே தண்ணி ஊத்து!”