நிரஞ்சினி திருத்திய ஸ்விங்

இந்தச் சனிக்கிழமை தன் தலைவிதி மாறப்போகிறது என்று மதிவதனன் முடிவே செய்துவிட்டான். சுவிஸில் டீட்டிகோன் நகரத்துச் சாமான் கிடங்கில் பதினொரு வருடம் பெட்டி அடுக்கியவனை எல்லாரும் ஷெஃப் என்று சொல்கிற மேலாளர் ஊர்ஸ் கூப்பிட்டு, "சனிக்கிழமை காலமை கோல்ஃப் அடிக்க வாறியா?" என்று கேட்டிருந்தார். அவரோடு கோல்ஃப் அடித்த இரண்டு பேரும் இன்று குழுத் தலைவர்கள். "அடிக்கத் தெரியுமோ?" என்றபோது மதிவதனனின் தலை அவனைக் கேட்காமலே ஆடிவிட்டது.

தெரிந்த லட்சணம் அவனுக்குத்தான் தெரியும். பயிற்சித் திடலில் அவன் அடிக்கிற பந்தெல்லாம் நேரே புறப்படும். பாதி வழியில் மனம் மாறும். வலப்பக்கம் வளைந்து, பக்கத்துச் சோளத் தோட்டத்தில் குடியேறிவிடும்.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அதே சனிக்கிழமை மத்தியானம் ஃப்ரிபூர்க்கில் மனைவி நிரஞ்சினியின் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். பந்தியில் சாம்பார் வாளி மதிவதனனின் பொறுப்பு. அதை விட்டுவிட்டுக் கோல்ஃப் என்றால் வீடு இரண்டாகும். ஆகவே திங்கட்கிழமையே சோஃபாவில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"என்னப்பா செய்யுது?"

"முதுகு. நிமிர ஏலாமல் கிடக்கு. சனிக்கிழமை நீர் தனியத்தான் போகவேணும் போல."

நிரஞ்சினி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நிமிர ஏலாதவர்களை நிமிர்த்துவதுதான் அவள் தொழில். அவனை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஓம், இது பொல்லாத முதுகுதான். எழும்புங்கோ, இதுக்குப் பயிற்சி இருக்கு."

வீடு கூட்டுகிற தும்புத்தடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"உப்பிடி நெரிக்காதேங்கோ. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி மெல்லமாப் பிடியுங்கோ. காலை அகட்டுங்கோ. தலை அசையக்கூடாது. முதல் இடுப்புத் திரும்பவேணும், பிறகுதான் கை."

"இது முதுகுக்கோ?"

"வேறை என்னத்துக்கு?"

அவனுடைய வலது கக்கத்தில் ஒரு துவாயைச் செருகினாள். "தடியை வீசேக்கை இது விழக்கூடாது. விழுந்தால் வலி மாறாது."

செவ்வாய்க்கிழமை துவாய் விழுந்தது. புதன்கிழமை துவாயோடு பூச்சாடியும் விழுந்தது. வியாழக்கிழமை ஒன்றும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் களவாகத் திடலுக்கு ஓடினான். முதல் பந்து நேரே போனது. இரண்டாவதும் நேரே. பன்னிரண்டு பந்தும் கயிறு பிடித்தது போல நேரே. மதிவதனனுக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. மாதக்கணக்காகத் தான் அடிப்பதை வீடியோ எடுத்துப் பார்த்தும் திருந்தாத ஸ்விங், மனைவிக்குப் பொய் சொல்லப்போய்த் திருந்திவிட்டதே. பாவம் அவள், ஒன்றும் தெரியாமல் தன் கையாலேயே தயார்பண்ணி அனுப்புகிறாள்.

சனிக்கிழமை காலை நிரஞ்சினி சேலை உடுத்து, "படுத்திருங்கோ" என்று சொல்லி, காரை எடுத்துக்கொண்டு போனாள். கார் மறைந்த ஐந்தாவது நிமிடம் அவன் பஸ்ஸில் இருந்தான்.

திடலில் ஷெஃப் முதலில் அடித்தார். பந்து சோளத்துக்குள் போனது. பிறகு மதிவதனன். குஞ்சுப் பிடி, அசையாத தலை, முதல் இடுப்பு. டக். பந்து வானத்தில் ஏறி, நூற்றைம்பது மீற்றர்ப் பலகைக்கு மேலால் நேரே பறந்தது. ஊர்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

"ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

"நானாத்தான்..." என்று அவன் தொடங்க, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"தலை கொஞ்சம் கெதியா எழும்பீட்டுது."

பட்டுச் சேலையில் நிரஞ்சினி நின்றாள். மதிவதனன் கோல்ஃப் தடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"எப்பிடியப்பா உமக்கு...?"

"உங்கடை கோல்ஃப் வீடியோவெல்லாம் வீட்டு டேப்லட்டிலையும் வருது. ஷெஃப் இடமும் நேரமும் சொல்லி அனுப்பின செய்தியும் அதிலைதான் வந்தது. நானும் வீடியோவைப் பார்த்தன். நீங்கள் பந்தைப் பார்த்தனீங்கள், நான் பிழையைப் பார்த்தன்."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் கேட்டிருப்பியளோ? சரி, பந்து போதும், பந்திக்கு வாங்கோ."

போகிற போக்கில் ஊர்ஸின் பிடியைப் பார்த்து சுவிஸ் ஜெர்மனில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவருடைய அடுத்த பந்து நேரே போனது.

ஃப்ரிபூர்க்கில் மூன்று பந்திக்குச் சாம்பார் வாளி தூக்கியும் மதிவதனனுக்குக் கை வலிக்கவில்லை. அந்த ஒரு அடியை ஷெஃப் கண்ணால் கண்டாரே, அது போதாதா?

போதும் போலத்தான் இருந்தது. திங்கட்கிழமை ஊர்ஸ் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மதி, நான் நல்லா யோசிச்சன். குழுவை நடத்த எனக்கு இப்பிடி ஒரு ஆள்தான் வேணும். பிழையைக் கண்ட உடனே பிடிக்கிற ஆள். சத்தம் போடாமல் திருத்துற ஆள்."

மதிவதனன் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான்.

"உன்ரை மனிசி," என்றார் ஷெஃப், "இப்ப எங்கை வேலை செய்யிறா?"