எண்பது நிமிடக்காரர்

“இதோ முடிஞ்சுது டெல்மா, ரெண்டே நிமிஷம்!” என்று கோட்டும் டையுமாக, மைதான வேலியை ஒட்டி நிறுத்திய காருக்குள்ளிருந்து மனைவியிடம் போனில் கத்துகிறாரே லிண்ட்சே, அவர் எண்பது நிமிட இனம். விக்டோரியாவின் கோதுமைச் சீமையில் ஊருக்கு ஊர் இவர்கள்தான்.

இந்த இனத்துக்குப் பெருக்கல் அத்துப்படி. ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து நான்கு பாகம், பாகத்துக்கு இருபது நிமிடம், ஆக எண்பது. பந்து கோட்டைத் தாண்டினால் கடிகாரம் நிற்கும், ஆறு பாயிண்ட் கோல் விழுந்தால் நிற்கும், சேற்றில் எவனாவது பல்லைத் தேடினால் நிற்கும், நடுவில் ஆரஞ்சுச் சுளை தின்னவும் பயிற்சியாளரிடம் திட்டு வாங்கவும் இடைவேளைகள் வரும், எண்பது எப்படியும் இரண்டரை மணி நேரமாகும் என்பதெல்லாம் ஆயுள் முழுக்கப் பார்த்தும் கணக்கில் ஏறாது. ஏன் ஏற வேண்டும்? எண்பது என்றால்தானே வீட்டில் விடுவார்கள்?

அந்தக் கணக்கில்தான் இரண்டு மணி ஆட்டத்தன்று மகள் ப்ரான்வினின் கல்யாணத்தை நாலு மணிக்கு வைத்தார். மூன்று ஊருக்கு ஒரே பாதிரியார். நாலரைக்கு அவர் அடுத்த ஊருக்குக் கிளம்பியாக வேண்டும்.

“நாலே கால் ஆச்சு, மனுஷா! பொண்ணையே அனுப்பியிருக்கேன். உன் ரெண்டு நிமிஷத்த அவகிட்ட சொல்லு.” டெல்மா போனை வைத்துவிட்டாள்.

வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி ப்ரான்வின் வந்து கார்க் கதவைத் திறந்தாள்.

“வெக்கமா இல்லப்பா உனக்கு? பாதிரியார் வாட்ச்சையே பாத்துட்டு நிக்கிறாரு.”

“சத்தியமா ரெண்டு நிமிஷம்மா.”

“பேசாம வண்டிய எடு... எத்தன பாயிண்ட் பின்னாடி?”

“நாலு.”

“நாலுதானா? வைப்பரப் போடு, ஒண்ணும் தெரியல.”

கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டாள்.

சிரிக்காதீர்கள். சற்றுமுன் உள்ளிருந்து உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். “இதோ, ஒரே பக்கம்தான்” என்று நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் கல்யாணம் நடந்தது. வெளியூர் விருந்தினர் பாதிப்பேர் போய்விட்டிருந்தார்கள். கேக் காய்ந்திருந்தது. மாப்பிள்ளை கெல்வின் முந்தின நாள் சட்டையையே போட்டிருந்தான். ஊர் அணி இரண்டு பாயிண்டில் ஜெயித்ததைப் பற்றி டெல்மாவிடம் யாரும் பேசவில்லை.