அக்கறை அட்டை

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் செய்த மகத்தான காரியம், எங்கள் அலுவலகம் கையாலேயே செய்த நலம் விசாரிப்பு அட்டைதான். இதைத் தற்பெருமை என்பவர்கள் அட்டையைப் பார்க்காதவர்கள். "அட்டைக் குழு"வின் தலைவர் என்ற முறையில் உண்மையைப் பதிவு செய்வது என் கடமை.

எங்கள் பதிவறைக்காரர் மாடிப்படியில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தார். மூன்றாம் மாடிக்குக் கட்டுக் கட்டாகக் கோப்பு சுமப்பவர். செய்தி வந்த அரை மணி நேரத்தில் மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"கடையில வாங்குற அட்டையில உயிர் இல்லய்யா. நம்ம கையால செய்யணும். பின்னணியில வாட்டர்கலர், அதுல பூ அச்சு. என் மச்சினி செய்றா, பாத்தாலே கண் கலங்குது."

"சார், முதல்ல யாராவது போய் அவரைப் பாத்துட்டு வந்துடலாமே?" என்றார் தட்டச்சு அக்கா.

"வெறுங்கையோடயா?"

அக்கா தட்டச்சு இயந்திரத்துக்குத் திரும்பினார்.

நீலமா பச்சையா என்று முடிவு செய்யவே ஒரு நாள் ஆயிற்று. பூ அச்சும் லேசுப்பட்டதல்ல. தாளில் இதழ் இதழாக வெட்டி எடுத்து, ஓட்டை விழுந்த தாளை அட்டைமேல் வைத்து, பஞ்சால் வண்ணம் ஒற்ற வேண்டும். மெல்லிய தாள் ஊறிச் சுருண்டது. வண்ணம் அடியில் கசிந்து, பூவெல்லாம் பூசணிக்காய் ஆயிற்று. கெட்டித் தாள்தான் தீர்வு என்று "தொழில்நுட்ப உபகுழு" கண்டறிந்தது. உபகுழுவும் நானே.

என் மேசையில் "பரிசீலனையில்" என்றொரு தட்டு உண்டு. கைவிட்டுத் துழாவினேன். நல்ல முரட்டுத் தாள் ஒன்று அகப்பட்டது. யாரோ நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார்கள். படிக்க ஏது நேரம்? திருப்பிப் போட்டு, ஐந்து இதழையும் பிசிறில்லாமல் வெட்டினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. இளநீலப் பின்னணியில் பதின்மூன்று பூக்கள்! அறையே கைதட்டியது.

காய ஒரு நாள், முப்பத்தேழு பேர் கையெழுத்திட இரண்டு நாள். ஆறாம் நாள் மேலாளர் தலைமையில் மருத்துவமனைக்குப் போனோம்.

பதிவறைக்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. அட்டையைக் கொடுத்துவிட்டு, எங்கள் உழைப்பு விளங்கட்டும் என்று வெட்டிய தாளையும் நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என் மனு சார்."

"எந்த மனு?" என்றேன்.

"கீழ்த்தளத்துல வேலை கேட்டு எழுதினது. மூணு தடவை தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க. அதான் நாலாவது தடவை கெட்டித் தாள்ல எழுதிக் கொடுத்தேன்."

மனைவி அதை வாங்கி உரக்கப் படித்தார். "'படியேறினால் நெஞ்சு'... அப்புறம் ஓட்டை. 'மருத்துவர் இனிமேல்'... அங்கயும் ஓட்டை."

மேலாளர் சட்டென்று சமாளித்தார். "பாத்தீங்களாம்மா, தொலையவே இல்ல! நாங்க எதையும் வீணாக்க மாட்டோம்."

"அட்டையில முப்பத்தேழு கையெழுத்து இருக்கு சார்," என்றார் அந்த அம்மா. "இந்த மனுவுல ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தா இவர் விழுந்திருக்கவே மாட்டார்."

அந்த அம்மாவுக்குக் கலை ரசனை போதாது. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மனுவை நான் அலட்சியம் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து இதழையும் கை நடுங்காமல் வெட்டினேன். ஒரு வரி படித்திருந்தால் நடுங்கியிருக்கும்.