பிள்ளை துறை மாறுகிறான், உடனே புறப்பட்டு வரவும்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தூக்கம் மட்டும் இல்லை.

காரணம் உன் மருமகன், அதாவது என் பிள்ளை. மின் பொறியியலில் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிற பிள்ளை, அதை அப்படியே விட்டுவிட்டு, பேச்சு வராதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் படிப்பில் முதலாம் ஆண்டிலிருந்து சேரப்போகிறானாம். சாப்பிடும்போது, தண்ணீர்ச் செம்பை நகர்த்து என்று கேட்கிற குரலில் சொன்னான். எனக்குப் புரையேறியது. ஆகவே நீ இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, சின்ன வயதில் என்னைத் திட்டுவாயே, அதே போல அவனை நாலு வார்த்தை திட்டவேண்டும். அத்தான் வேறு தன் கம்பெனியில் அவனுக்காக ஒரு நாற்காலியைப் பார்த்து வைத்திருக்கிறார். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

பிள்ளைக்கு மின்சாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. போன விடுமுறையில் காலிங் பெல்லைச் சரிசெய்தான். அன்றிலிருந்து யாராவது பெல் அடித்தால் சமையலறை விளக்கு அணைகிறது. மணி அடிப்பதில்லை. உன் தம்பி மனைவி இருட்டானதும் கையைத் துடைத்துக்கொண்டு, "யாரோ வந்திருக்காங்க" என்று வாசலுக்குப் போகிறாள். இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தான், மறுபடி பூட்டினான், ஒரு திருகாணி மிச்சமாயிற்று. அந்தப் பெட்டியைத் தொட இப்போது வீட்டில் யாருக்கும் தைரியமில்லை, கசங்கிய சட்டையோடுதான் ஆபீஸ் போகிறேன். இதெல்லாம் அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். அப்போதுதான் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் மின்விசிறி ஓடவில்லை என்று யாரோ சொல்ல, "நான் பாக்கறேன்" என்று இவன் ஸ்குரூ டிரைவரோடு உள்ளே போனான்.

அதே நேரம் உள்ளே ஏறியவர் செகரட்டரி. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், பெண்டாட்டிகூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். என் ஸ்கூட்டரைத் தண்ணீர் மோட்டார் அறை முன்னால் நிறுத்துகிறேன் என்று வருஷக்கணக்காக என்னோடு சண்டை போட்டவர். பக்கவாதம் வந்து வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில் வாய்வரை வரும், அங்கேயே நின்றுவிடும். எதைக் கேட்டாலும் "ஆமா" என்ற ஒரே வார்த்தை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டோம். அவர் பெண்டாட்டிகூட அவரைப் பார்த்துப் பேசாமல் அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசப் பழகிவிட்டாள்.

நம் பிள்ளை எதையோ எதோடோ சேர்த்தான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. நாங்களெல்லாம் வெளியே கதவைத் தட்டிக்கொண்டு மெக்கானிக்குக்காகக் காத்திருக்கிறோம். உள்ளே இவனுக்குப் பயம். பயத்தை அடக்க "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்தான். மூச்சு வாங்க நிறுத்தினான் பார், இருட்டிலிருந்து ஒரு கரகரத்த குரல், "நாலு" என்றது. நான் வெளியே இருந்து கேட்டேன் அக்கா. "அஞ்சு" என்றான் இவன். "ஆறு" என்றார் அவர். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் எண்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். செகரட்டரி கண்ணில் தண்ணீர். பிள்ளை முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். அவன் தொட்டு எரிந்த ஒரே விளக்கு அதுதான்.

மறுநாளே அவன் தான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் விசாரித்துக்கொண்டு, பின்கட்டிடத்தில் இருந்த பேச்சுப் பயிற்சித் துறைக்குப் போய் நின்றான். அங்கே இருந்த பேராசிரியை, "எண்ணறது, கிழமை சொல்றது, பாட்டு, இதெல்லாம் சில பேருக்குத் தானா வரும். பேச்சு அப்படி வராது. நீயா ஏதும் வைத்தியம் பண்ணாதே, அவரைக் கூட்டிட்டு வா" என்று சொன்னாராம். கூட்டிக்கொண்டு போனான். அன்று தொடங்கி வாராவாரம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். தன் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன், அந்தத் துறை வாசலில் முதல் ஆளாக நின்றானாம். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் கொடுத்த படங்களை எடுத்துக்கொண்டு செகரட்டரி எதிரே உட்கார்ந்துவிடுவான். அவர் சாவியைப் பார்த்துக் கதவு என்பார். இவன் கோபப்படாமல், "கிட்ட வந்துட்டீங்க, அதைத் திறக்கறது எது?" என்பான். என்னோடு பத்து நிமிஷம் பொறுமையாகப் பேசத் தெரியாத பிள்ளை!

போன வாரம் நடந்ததைக் கேள். ஆபீஸ் விட்டு வந்து வழக்கம்போல மோட்டார் அறை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினேன். செகரட்டரி கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. "வண்டிய... எடு" என்றார். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், அக்கா, என் ஆயுசில் அத்தனை சந்தோஷமாக நான் வண்டியை எடுத்ததில்லை. சத்தம் கேட்டு அவர் பெண்டாட்டி ஈரக் கையோடு ஓடிவந்தாள். "தம்பி, தம்பி, இன்னொரு தடவை நிறுத்துங்க!" என்றாள். நிறுத்தினேன். "எடு!" என்றார். எடுத்தேன். குடியிருப்பே பால்கனியில் நின்று பார்க்கிறது. பெட்ரோல் தீரும்வரை நிறுத்துவதும் எடுப்பதுமாக இருந்தேன். கடைசியில், "அறிவில்ல?" என்று புதிதாக ஒன்றும் சேர்த்தார். அந்த அம்மாள் அழுதே விட்டாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் பிள்ளை குண்டைப் போட்டான். "ரெண்டு வருஷம் வீணாப் போகுதேடா" என்றேன். "அப்பா, ஒயர்ல தப்புப் பண்ணா எனக்கு ஓடிடலாம் போல இருக்கு. அவர் ஒரு வார்த்தையத் தப்பாச் சொன்னா, ஏன் அது வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும் போல இருக்கு" என்றான். நான் உன் தம்பி மனைவியைத் துணைக்குப் பார்த்தேன். அவள், "ரெண்டு வருஷம் போச்சேன்னு மிச்ச ஆயுசையும் அதுலயே போடச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு எனக்கு ரசம் ஊற்றினாள்.

நீ வந்து அவனைத் திட்டவேண்டும் என்று தொடங்கினேன். மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன், எந்த இடத்தில் திட்டச் சொல்வது என்று தெரியவில்லை. எனவே வந்தால் திட்டாதே. அவனுக்கு நல்ல வார்த்தை சொல். அத்தானிடம் மட்டும் நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல். அந்த நாற்காலியில் திருகாணி மிச்சம் வைக்காத வேறு ஒரு பிள்ளை உட்காரட்டும்.

உங்கள் இருவர் ஆசியும் என் பிள்ளைக்கு எப்போதும் வேண்டும். உங்கள் வீட்டில் எல்லா விளக்கும் நன்றாக எரியட்டும்.

என்றும் உன் அன்புக்குக் கட்டுப்பட்ட
தம்பி

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது பிள்ளை வந்து நின்றான். "அத்தைக்குத்தான். அவங்க அதிர்ச்சியாகாத மாதிரி எழுதியிருக்கேன்" என்றேன். தலையைச் சொறிந்தான். "அத்தைக்கு முன்னாடியே தெரியும்பா. முதல்ல அவங்களைத்தான் கேட்டேன். மாமாவும் சரின்னுட்டாங்க. அப்பா ஒத்துக்கலேன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். 'நீ சொல்லிட்டுச் சும்மா இரு. ரெண்டு நாள் குதிப்பான். அப்புறம் எனக்குப் பக்கம் பக்கமா லெட்டர் எழுதுவான். பாதியிலேயே அவன் மனசு மாறிடும். முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசாதீங்க'ன்னாங்க" என்றான். உள்ளே இருந்து உன் தம்பி மனைவி கேட்கிறாள்: "எழுதி முடிச்சிட்டாரா? இனிமே பேசலாமா?"