பேடிக்கண்டா மறைத்த கீறல்

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தையே நடுங்க வைத்தவர் பேடிக்கண்டா. மலையாளத்தில் பேடி என்றால் பயம்; பேடிக்கண்டா என்றால் பயப்படாதே. அதை அவர் சொன்ன மாத்திரத்தில், அதுவரை தைரியமாக இருந்தவனுக்கும் பயம் வந்துவிடும். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

வள்ளியூரிலிருந்து வேலைக்குப் போன புதிதில் என்னையும் அப்படித்தான் வரவேற்றார். நம் தமிழில் பேடி என்றால் என்ன திட்டு என்பது உங்களுக்குத் தெரியும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். அதற்கும் "பேடிக்கண்டா" என்றார்.

திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்து, கறுப்புச் சாமான்களில் விழும் கீறல்களை மறைப்பது அவர் தொழில். தையல் மெஷின், மைக் ஸ்டாண்ட், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வரும். பதினோரு பாட்டில்களில் பதினோரு கறுப்பு வைத்திருந்தார். எனக்குப் பதினொன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. "மாத்திப் பூசினா சாமானுக்குத் தேமல் வந்தது மாதிரி இருக்கும், கேட்டியா?" என்பார். நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க நடுரோட்டு வெயிலில் போய் நிற்பார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தால், டிரைவருக்கு ஆறுதல் சொல்வார்.

ஒருமுறை ஒரு பல் டாக்டர், தன் நாற்காலியின் கறுப்புக் கைப்பிடியைச் சரிசெய்யக் கூப்பிட்டிருந்தார். இவர் போன நேரம் அதில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். இவர் பிரஷ்ஷும் கையுமாகக் குனிந்து, அவர் காதருகே "பேடிக்கண்டா" என்றார். அந்த மனிதர் கழுத்தில் கட்டிய துணியோடு போய் பஸ் ஏறிவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். படுக்கையும் ஸ்டூடியோ மாடியில்தான். முதலாளிக்குக் கேமராதான் உயிர். டிரைபாட் காலை வளைத்ததற்காக, எனக்கு முன்னால் இருந்தவனை அன்றைக்கே பெட்டியோடு அனுப்பிவிட்டார். அந்த நிலையில், விழிஞ்ஞத்தில் ஒரு கல்யாண ஜோடியைத் துறைமுகத்தில் நடக்கவிட்டு, நான் பின்னோக்கி நடந்தபடி படம் எடுத்தேன். வலைக்கயிறு தடுக்கிக் கருங்கல்லில் விழுந்தேன். கேமரா பழுதாகாமல் வேலை செய்தது. ஆனால் வலப்பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கறுப்பு உரிந்து வெள்ளைத் தகடு பல்லிளித்தது. வேலையும் போச்சு, படுக்கையும் போச்சு என்று நினைத்தேன்.

நேரே சாலை பஜாருக்கு ஓடினேன். பேடிக்கண்டா கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல கையைக் காட்டுடே. ரத்தம் வருதல்லே?" என்றார். முழங்கையைக் கழுவித் துணி கட்டிவிட்டுத்தான் பாட்டிலைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் கீறல் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் காலை முதலாளி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது நம்ம கேமரா இல்லையே. நம்மது எங்கடே?"

நானும் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். என் கீறலோடு, கேமராவில் இருந்த பழைய கீறல்கள் நான்கையும் பேடிக்கண்டா மறைத்திருந்தார். ஒன்றை மட்டும் பூசிவிட்டு மற்றதை விட அவருக்கு மனம் வந்திருக்காது.

"நம்பர் ஸ்டிக்கர் இருக்கே, சார்" என்றேன்.

"ஸ்டிக்கரை எவனும் ஒட்டலாம். என் கீறலை எவன் ஒட்டுவான்? வித்துட்டு வேற கொண்டாந்திருக்கியா? நட ஸ்டேஷனுக்கு."

உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஜெயில். "பேடிக்கண்டாகிட்ட கேளுங்க, சார்" என்று மட்டும் சொன்னேன். என் சட்டைக் காலரைப் பிடித்தபடியே சந்துக்கு இழுத்துப் போனார்.

போலீஸ் என்ற பேச்சைக் கேட்டதும் பேடிக்கண்டாவின் கை வெடவெடவென்று ஆடியது. அன்றுதான் அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்தார்.

"தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க, சாரே. பழசெல்லாம் அசிங்கமா கிடந்துது. நான்தான் இவன்கிட்ட பிடுங்கிப் பூசினேன்" என்றார். பெயின்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து ஒரு மூலையைத் துடைத்தார். ஒரு கீறல் வெளியே வந்தது.

முதலாளி குனிந்தார். "ஆமா, இது விதுரா ஊர்ல ஒரு கல்யாணத்துல விழுந்தது."

இன்னொன்று. "இது கழக்கூட்டம் மண்டபத்து வாசப்படி." தொலைந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல் அவர் குரல் இளகியது. மூன்றாவது வந்தது. நான்காவது வந்தது. பிறகு துணி வலப்பக்கத்துக்கு நகர்ந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அவ்வளவுதான், சாரே. வேற ஒண்ணும் இல்ல" என்ற குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். என் கீறல் இருந்த இடத்தில் கறுப்பு அப்படியே இருந்தது. முதலாளி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். பேடிக்கண்டா தின்னர் பாட்டிலை மூடப் பார்த்தார். கை நடுக்கத்தில் மூடி பொருந்தவில்லை. நான் வாங்கி மூடினேன். அந்த ஊரில் இருந்தவரை, அவரைக் கூப்பிடாமல் ஒருநாளும் நான் மத்தியானச் சோற்றுக்குப் போனதில்லை.