கட்டை விரல் சமாதானம்

"மூச்சு முட்டுதா சார்? பயப்படாதீங்க!" என்று கைடு, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டான்.

"எனக்கு ஒண்ணும் முட்டலய்யா! நல்லா இருந்தவனை எதுக்கு இழுத்தே?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. இதுல என்ன சார் வெக்கம்?"

புறப்படும்போதே இவனை மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. கடலுக்குள் காட்ட வேண்டிய சைகைகளைச் சொல்ல வந்தவனை, "இருபது வருஷமா ஊருக்கே சைகை சொல்லித் தர்றவன்யா நான்" என்று பாதியிலேயே அடக்கியிருந்தார். மனைவி மட்டும் கடைசிவரை நின்று கேட்டாள்.

அவளும் அவரும் பேசி எட்டு மாதம் ஆகிறது. ஏன் என்று தெருவில் ஆளுக்கொரு கதை. எல்லாக் கதையிலும் அவர் வாய்தான் கதாநாயகன். சாயங்கால பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போக அவள் பெட்டி கட்டிவிட்டாள். போனால் வரமாட்டாள் என்பது மாஸ்டருக்கே தெரியும். "பவளப்பாறை பாக்கணும்னு கல்யாணமானதுலேருந்து சொல்றியே, அதைப் பாத்துட்டாவது போ" என்று கெஞ்சி, பெட்டியோடு கூட்டி வந்திருந்தார். வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு மிதந்தால் சண்டைக்கு வழியில்லையே!

நினைத்தபடியே நடந்தது. தண்ணீருக்குள் பாறைமேல் நின்றிருந்தவள் அவரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். டெஸ்ட்டில் தேறியவர்களுக்கு அவர் காட்டுகிற அதே விரல்! நீச்சல் கண்ணாடிக்குள் அவள் கண்கள் அகல விரிந்திருந்தன. அத்தனை அழகு போலிருக்கிறது பவளம். பூரித்துப்போய் அவரும் விரலை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தத் தடியன் வந்து தூக்கினான்.

மாஸ்டர் மறுபடி குதித்தார். அவள் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. இந்தத் தடவை இரண்டு கட்டை விரல்கள். டபுள் பாஸ்! அவரும் இரண்டையும் உயர்த்தினார். கைடு கயிறு போட்டு இழுத்தான். படகோட்டி நெஞ்சை அமுக்கினார்.

"மனுஷனைப் பொண்டாட்டியோட நிம்மதியா இருக்க விடுவீங்களா, மாட்டீங்களா?"

"உயிர் இருந்தாத்தானே சார் பொண்டாட்டி?"

மூன்றாவது தடவை கைடு நேராக அவளை நோக்கி நீந்தினான். அவளையும் இழுத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவானோ என்று மாஸ்டர் பாய்ந்து நடுவில் புகுந்தார். அவளோ விரலை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் கழித்துக் கிடைத்த மரியாதை. பதில் மரியாதை செய்யாமல் இருக்க முடியுமா? செய்தார். கைடு அவரை அள்ளிக்கொண்டு போய்ப் படகில் கட்டியே வைத்தான்.

கடைசியாகத்தான் மனைவி ஏற்றப்பட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கணுக்காலைச் சுற்றிச் சதை கிழிந்திருந்தது. மாஸ்டர் துண்டை நீட்டினார், வாங்கவில்லை.

கரை சேர்ந்ததும் பெட்டியை எடுத்தாள். நொண்டிக்கொண்டே போய், சாயங்காலம்வரைகூடக் காத்திராமல் மதிய பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள்.

"மூணு தடவை விரலைத் தூக்கிக் காட்டினாய்யா," என்று மாஸ்டர் மணலில் உட்கார்ந்து புலம்பினார். "சமாதானம் ஆயிட்டான்னு நெனச்சேனே!"

கண்ணாடிகளை வாளியில் அலசிக்கொண்டிருந்த கைடு நிமிர்ந்தான்.

"கடல்ல அதுக்கு 'என்னைத் தூக்கு'ன்னு அர்த்தம் சார். கால் பாறையில மாட்டிக்கிட்டு அம்மா கேட்டப்பல்லாம் நீங்கதான் முந்திக்கிட்டீங்க."