முகத்தை மூடாத கேபினட்

பெரம்பலூர்,
14.6.2006

அன்பு மச்சான் அம்மாருக்கு, ஹபிபுல்லா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது ஷார்ஜா வெயிலில் நிற்காமல் நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையின் ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். இங்கே உன் அக்கா ரஷீதாவும் நானும் சுகம். போனிலேயே நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நன்றி என்று ஆரம்பித்தாலே நீ "சரி மச்சான், சரி மச்சான்" என்று லைனை வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது அல்லவா? ஆகையால் பொறுமையாகப் படிக்கவும்.

நீ போனில் கேட்டது பாதிக் கதைதான். மீதியை வெட்கப்பட்டு மறைத்தேன். சித்திரையில் கீழப்பழுவூரில் கலைவாணன், லாவண்யா கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ எடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம் அன்று முழுக்க என் கேமராவைத் திட்டிக்கொண்டே திரிந்தார். கல்யாணம் முடிந்து பதினாறாம் நாள், வயலில் மோட்டார் போடப் போன மனிதர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கென்று வீட்டில் இருந்த ஒரே படம் ரேஷன் கார்டுப் படம். மூன்றாம் நாள் அவர் மனைவி ரத்தினம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். "தம்பி, கருமாதிக்கு முன்னாடி அந்தக் கேசட்ட ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க. அவரு மூஞ்சியப் பாக்கணும், சத்தத்தக் கேக்கணும், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். நானும் "நாளைக்கே வாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது மறைத்ததைச் சொல்கிறேன். கேசட் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே என்று அதே கேசட்டில் அரும்பாவூர் காதுகுத்து ஒன்றை எடுத்துத் தொலைத்திருந்தேன். வைத்திலிங்கம் இருந்தது கம்ப்யூட்டர் டிஸ்கில் மட்டும். அந்தக் கம்ப்யூட்டரோ அக்னி நட்சத்திரம் பிறந்த நாளிலிருந்து போட்ட பத்தாவது நிமிடம் நின்றுவிடும். எடிட் செய்த கல்யாணத்தை டிவிடியாக மாற்றச் சொன்னால் நாற்பத்து மூன்று சதவீதம் வரைக்கும் ஓடி, ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துவிடும். நான் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைத்தேன். மேஜை மேல் இருந்த ஆல்பத்துத் தாள்கள் பறந்து, அதில் ஒன்று உள்ளே போய் விசிறியில் சிக்கி, "டர்ர்ர்" என்று ஒரு சத்தம் போட்டதும் வாசலில் நின்ற இரண்டு கஸ்டமர்கள் ரோட்டுக்கே ஓடினார்கள். பிறகு ஈரச் சாக்கைப் பின்னால் தொங்கவிடலாம் என்று நனைத்து எடுத்து வந்தேன். உன் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு, "ஒண்ணு கம்ப்யூட்டர் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? அம்மாருக்குப் போனப் போடுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் வந்தது.

நீ ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாய். டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறதா என்றாய். வருகிறது என்றேன். "மச்சான், அதக் கழட்டிப் பஸ்ல எடுத்துட்டு அலையாதீங்க. ஆட்டம் கண்டுச்சுன்னா மொத்தமும் போயிரும். முதல்ல அந்தப் பழைய பெட்டிய எடுத்துட்டு, டிஸ்க் மேல காத்து படுற மாதிரி நல்ல கேபினட்டா மாத்துங்க. ரொம்பப் பெருசும் வேணாம், சிறுசும் வேணாம், மிட் டவர். முன்னாடி பெரிய ஃபேன், பின்னாடி பெரிய ஃபேன். தண்ணி ஓட்டிக் குளுமை பண்ற செட் ஒண்ணு, லீவுல ஊருக்கு வர்ற ஆகிப்கிட்ட கொடுத்து விடுறேன், அதோட ரேடியேட்டருக்கும் எடம் வேணும்" என்றாய். நான் எல்லாவற்றையும் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

இங்கே ஒரு தவறு நடந்தது. அதற்கு நீ பொறுப்பல்ல, என் கண்தான் பொறுப்பு. கடையில் ஒரு கேபினட் இருந்தது மச்சான். கறுப்புப் பளபளப்பு, முன்னால் பீரோ மாதிரி கதவு, கதவைச் சுற்றி நீல விளக்கு. மிட் டவர்தானா என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள். ஃபேன் இருக்கிறதா என்றேன், கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்றார்கள். பத்திரிகையை மடித்துப் பையில் போட்டுவிட்டு அதை மடியில் வைத்துக் குழந்தையைப் போலப் பெரம்பலூர் கொண்டுவந்தேன். கழற்றி மாட்ட ஒரு நாள் போயிற்று. போட்டதும் விளக்கெல்லாம் ஜொலித்தது. ஆறாவது நிமிடம் நின்றுவிட்டது. பழைய பெட்டியாவது பத்து நிமிடம் தாங்கியது.

அன்று மத்தியானம் ரத்தினம்மாள் மறுபடி வந்தார். நான் பொய் சொன்னேன். "கரண்டு சரியில்லம்மா" என்றேன். மின்விசிறி அவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலாம்.

அந்த நேரத்தில் அல்லாஹ் அனுப்பியவர்தான் செல்லமுத்து. உனக்கு அவரைத் தெரியாது. நாலு ரோட்டில் லாரி ரேடியேட்டர் வேலை பார்க்கிறவர். தன் மகள் கல்யாண ஆல்பத்தை வாங்க வந்தவர், நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு அந்தப் பளபளப்புக் கதவுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். பிறகு பின்னால் நீட்டினார்.

"பாய், வண்டிக்கு முன்னாடி கிரில்லே இல்லையே. மூஞ்சியப் பொத்திட்டு ஓடுன்னா எப்புடி ஓடும்? உள்ளாற இருக்க ஃபேனு எதக் குடிக்கும்?"

"கதவு அழகா இருந்துச்சு அண்ணே."

"அழகா இருக்குறதுக்கு இது என்ன சொகுசு காரா? வாங்க, மாத்திட்டு வருவோம்."

மறுநாள் காலை தம் வேலையை விட்டுவிட்டு என்னோடு திருச்சிக்கு வந்தார் அந்த மனிதர். கடைக்குள் போனதும் ஒரு பத்தியைக் கொளுத்தினார். கடைக்காரர் பதறி, "என்னங்க பண்றீங்க?" என்றார். "சாமி கும்பிடல தம்பி, காத்து பாக்குறேன். ஒவ்வொண்ணாக் கரண்ட் கொடுங்க" என்றார் செல்லமுத்து. ஒவ்வொரு கேபினட்டின் முகத்துக்கும் முன்னால் பத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகை சிலவற்றில் முகத்தில் முட்டிக் கலைந்தது. ஒன்றில் பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே போய் அதே ஓட்டை வழியாகத் திரும்பி வந்தது. "இது சொந்த மூச்சையே திருப்பிக் குடிக்குது" என்று அதைத் தள்ளினார். ஆள் உயரத்தில் ஒன்று இருந்தது, காற்று நன்றாக இழுத்தது, ஆனால் என் மேஜைக்கு அடியில் நுழையாது. சின்னது ஒன்றில் ரேடியேட்டர் வைக்கப் பின்னால் இடமில்லை. கடைசியில் மூலையில் கிடந்த ஒன்று. முன்பக்கம் முழுக்கச் சல்லடைக் கம்பி, விளக்கு கிடையாது, கதவு கிடையாது. பத்திப் புகை கோடு போட்ட மாதிரி முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறியது. செல்லமுத்து சாணால் அளந்து பார்த்தார். "இதுதான் பாய். பாக்கத்தான் அசிங்கம், நல்லா மூச்சு வுடும்" என்றார். கடைக்காரரும் நல்ல மனிதர், கதவு வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் இதற்கு அட்டைப்பெட்டி இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "பாய், கோழிக் கூண்டெல்லாம் மேல ஏத்துங்க" என்றார். கோழி இல்லை என்று குனிந்து காட்டிய பிறகுதான் விசில் ஊதினார்.

நாங்கள் வந்து இறங்கவும் ஆகிப் உன் சாமானைக் கொண்டுவந்து கொடுக்கவும் சரியாக இருந்தது. பம்ப், குழாய், ரேடியேட்டர், நீல விளக்கு எல்லாம் சேதமில்லாமல் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். கதவுக் கேபினட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த போர்டையும் அதன் ஃபேனையும் எடுத்துப் பார்த்த செல்லமுத்து, "அரியலூர் சிமெண்டு லோடு அடிக்கிற லாரி மாதிரில்ல அடைச்சிருக்கு" என்று சொல்லிப் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு கைப்பிடித் தூசி எடுத்தார். ஃபேனில் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்து முன்னால் இழுக்கவும் பின்னால் தள்ளவும் மாட்டினார். உன் அக்கா தன் பழைய துப்பட்டாவை வெட்டி முன் கம்பிக்கு வடிகட்டி தைத்தாள். பேட்டரிக் கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தோம். அதை ஊற்றும்போது மட்டும் அவள், "கரண்டுக்குள்ள தண்ணி ஊத்துறாங்க ரெண்டு பேரு, யா அல்லாஹ்" என்று வெளியே போய் நின்றுகொண்டாள். நான் அஸர் தொழுதுவிட்டு வருவதற்குள் செல்லமுத்து எல்லாவற்றையும் மாட்டி மூடிவிட்டார். குழாயில் தண்ணீர் ஓடுவது ஓட்டை வழியாக நீலமாகத் தெரிந்தது. டக் டக் சத்தம் நின்றிருந்தது. நான் கண்ணீர் விட்டேன், மறைப்பானேன்.

கருமாதிக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, ரத்தினம்மாள், கலைவாணன், லாவண்யா மூன்று பேரையும் வரச்சொல்லி எதிரிலேயே ஓட்டினேன். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். லாவண்யா, "அண்ணே, நாப்பத்தாறு வந்துட்டுங்க" என்ற பிறகுதான் திறந்தேன். நூறும் வந்தது.

டிவியில் போட்டேன். பந்தியில் இலை எண்ணிக்கொண்டிருந்த வைத்திலிங்கம் கேமரா பக்கம் திரும்பி விரலை நீட்டுகிறார். "யோவ் பாய், என்னயவே எதுக்குய்யா புடிக்கிற? அந்தா நிக்கிறா பாரு எம்பொண்டாட்டி, காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஏ ரத்தினம்! வந்து உக்காந்து தின்னுட்டு அப்பறம் சம்பந்திய கவனி!"

ரத்தினம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் மச்சான். "செத்தும் அதிகாரத்தப் பாரு. தம்பி, இன்னொருவாட்டி போடுங்க. பத்து நாளாத் திட்டு வாங்காம காதே அடைச்சுக் கெடந்துச்சு" என்றார். ஏழு தடவை போட்டேன். ஏழாவது தடவைதான் அழுதார். அதன்பிறகு நான் கேசட்டை அழித்த குற்றத்தையும் கரண்டுப் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். "அன்னிக்கே ஃபேன் சுத்துனதப் பாத்தேனே தம்பி. ஆனா ஓடி ஒளியாம கடையிலயே உக்காந்திருந்தீங்கள்ல, அது போதும்" என்றார். உன் அக்கா வாங்கி வைத்திருந்த இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆகவே மச்சான், அந்தச் சிரிப்பு உனக்குச் சேர வேண்டியது. நீ ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய தண்ணீர்தான் இந்த ஊரில் ஒரு மனிதரின் குரலைக் காப்பாற்றியது. இதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறேன். அரியலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் குருநாதன் வந்து அந்த நீல ஓட்டத்தை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். முடிந்தால் இன்னொரு செட் அனுப்பவும்.

உன் உடம்புக்கு ஆஃபியத்தும், வேலைக்கு பரக்கத்தும், மேலாளருக்கு நல்ல புத்தியும் அல்லாஹ் தருவானாக. உன் அக்கா, வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள். ஃபைஸாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் துஆ.

என்றும் உன் நன்மை நாடும்,
ஹபிபுல்லா

பி.கு: உறையை ஒட்டும் முன் இந்தக் கடிதத்தைச் செல்லமுத்துவுக்கு வாசித்துக் காட்டினேன். குருநாதன் பகுதி வந்ததும் நெளிந்தார். "பாய், அந்தச் செட்ட வரவழைக்க வேணாம்" என்றார். ஏன் என்றேன். உன் செட்டில் பிராசஸர் மேல் உட்காரும் துண்டு நம் போர்டுக்குப் பொருந்தவில்லையாம். நான் தொழப் போன நேரத்தில் பழைய ஃபேனையே சுத்தம் செய்து அதன் மேல் மாட்டிவிட்டாராம். "அப்ப தண்ணி ஓடுதே அண்ணே?" என்றேன். "ஓடுது பாய். அது பாட்டுக்குத் தனியா ஓடுது. மச்சான் ஆசையா அனுப்புனதாச்சே, உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல. வேலையெல்லாம் அந்தக் கோழிக் கூண்டும் காத்தும்தான் பாக்குது" என்றார். ஆகவே மேலே தண்ணீரைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நன்றியை மட்டும் அடிக்க வேண்டாம். கேபினட்டை மாற்றச் சொன்னவன் நீதான். "கழட்டிடவா?" என்று செல்லமுத்து கேட்டார். வேண்டாம் என்றேன். உன் தண்ணீர் நீலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.